பார்த்து வரைந்தால் கண் என்ன கற்கிறது?

ஆடல்வல்லானுக்கு ஐந்து சபைகள். திருவாலங்காட்டில் இரத்தின சபை, சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை. ஐந்தாவது குற்றாலத்தில் இருக்கிறது. அந்தச் சித்திர சபையில் நடராசர் சுவரோவியமாகவே இருக்கிறார். தீபாராதனை காட்டுவதும் அந்த ஓவியத்துக்குத்தான். மார்கழித் திருவாதிரையை ஒட்டி இங்கே நடக்கும் தாண்டவ தீபாராதனையைக் காண ஊர் திரளும்.

குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால், முன்னால் தெப்பக்குளமும் மேலே செப்புத் தகடு வேய்ந்த கூரையுமாக அந்தச் சபை நிற்கிறது. உள்ளே சுவரெங்கும் சித்திரங்கள். முகங்களிலும் அணிகளிலும் கேரளச் சாயல் தெரியும். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மலையைத் தாண்டினால் கேரளம். பக்கத்தில் இருக்கும் செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சீசன் நாட்களில் அருவிக்கு வரும் கூட்டத்தில் பலர் இந்தச் சபையை எட்டிப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. குறிப்பாக, படம் வரையும் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

பார்த்து வரைவதைப் பற்றி நம்மிடம் ஓர் இளக்காரம் உண்டு. "பார்த்துத்தானே வரைஞ்சே, சொந்தமா ஒண்ணு வரை பார்ப்போம்" என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும், பிள்ளையின் முகம் வாடிவிடும். பார்த்து வரைவது இரண்டாந்தரம், மனத்திலிருந்து வருவதுதான் கலை என்ற எண்ணம் பள்ளிக்கூடத்திலிருந்தே ஊறிவிட்டது. இந்த எண்ணம் தவறு. பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் நாள்தோறும் பார்த்து வரைகிறவருக்குள் நடப்பது என்ன என்று கடந்த 30 ஆண்டுகளில் உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது, நம் ஸ்தபதிகளும் ஓவியர்களும் பழக்கத்தில் அறிந்து வைத்திருந்ததோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

கண் முன்னால் இருப்பதைப் பெரும்பாலோரால் ஏன் வரைய முடிவதில்லை? 1997-ல் கோஹன், பென்னெட் என்ற இருவர் இந்தக் கேள்வியையே தலைப்பாக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். கை சொன்னபடி கேட்காமல் இருக்கலாம். எதை வரைவது, எதை விடுவது என்று தெரியாமல் இருக்கலாம். தாளில் வரைந்ததைச் சரியாகப் பார்க்கத் தெரியாமல் இருக்கலாம். அல்லது, வரைய எடுத்துக்கொண்ட பொருளையே சரியாகப் பார்க்காமல் இருக்கலாம். ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கை மீது பெரிய பழி இல்லை. படத்தின் மேலேயே கோடு இழுக்கச் சொன்னால் பழகாதவர்களும் நன்றாகவே இழுத்தார்கள். கடைசியில் முதன்மைக் குற்றவாளியாக நின்றது நான்காவது காரணம்தான். பொருளைப் பார்க்கும் இடத்திலேயே பிழை தொடங்கிவிடுகிறது.

கண் ஏன் தவறாகப் பார்க்க வேண்டும்? கண்ணின் வேலை படம் வரைவதற்கு உதவுவது இல்லை என்பதுதான் விடை. எதிரே வருவது யார், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பெரிதாக என்று நொடியில் சொல்வதற்காக வளர்ந்த ஏற்பாடு அது. பத்தடி தூரத்தில் நிற்கும் அண்ணன் இருபதடி தூரத்துக்குப் போனால் விழித்திரையில் விழும் உருவம் பாதியாகச் சுருங்கும். ஆனால் அண்ணன் பாதியாகிவிட்டதாக நமக்குத் தோன்றுவதில்லை. மூளை தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அளவைத் திருத்தி நமக்குத் தருகிறது. வாழ்வதற்கு இந்தத் திருத்தம் தேவை. வரைகிறவருக்கு இதுவே இடைஞ்சல்.

இதை இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் தலையைச் சுற்றி விரலால் கோடு இழுங்கள், உச்சியிலிருந்து மோவாய் வரை. பிறகு அந்தக் கோட்டைச் சாண் வைத்து அளந்து, உங்கள் தலையோடு ஒப்பிடுங்கள். சரிபாதி இருக்கும். எட்ட நின்று வரைந்தாலும் கிட்ட நின்று வரைந்தாலும் பாதிதான். கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் எவ்வளவு தூரமோ, பிம்பம் அதற்குப் பின்னால் அவ்வளவு தூரம். கண்ணாடிப் பரப்பு சரியாக நடுவில் இருப்பதால் இந்தப் பாதிக் கணக்கு. வாழ்நாள் முழுக்கத் தினமும் பார்க்கும் முகம், கண்ணாடியில் அதன் அளவு பாதி என்பதை ஒருநாளும் கவனித்திருக்க மாட்டோம். கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிச் 1960-ல் வந்த தம் நூலில் இதைச் செய்து பார்க்கும்படி வாசகர்களிடம் சொல்லியிருக்கிறார். செய்து பார்க்காமல் யாரும் நம்புவதில்லை.

இப்போது குற்றாலத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளித் தென்காசிக்கு வருவோம். பராக்கிரம பாண்டியன் 1446-ல் கட்டத் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலில், தூணோடு தூணாக ஒரே கல்லில் செதுக்கிய பெரிய சிற்பங்கள் இருக்கின்றன. வீரபத்திரர், ரதி, மன்மதன், தமிழணங்குகள். வீரபத்திரர் முன் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்து வரையத் தொடங்கும் ஒருவர், தலையைத்தான் முதலில் பெரிதாகப் போடுவார். முகம்தானே முக்கியம்! ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கையில் பாதமும் முழங்காலும் அருகில் இருக்கின்றன, தலை தள்ளி இருக்கிறது. பென்சிலை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தித் தலையின் உயரத்தை அளந்து, அதே அளவைக் காலில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நினைத்ததைவிடத் தலை மிகச் சிறியது. அந்த ஒரு அளவை நம்பித் தாளில் குறிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். மூளை விடாமல் எதிர்வாதம் செய்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் ஓவியர்களுக்கு இந்த மூளைத் திருத்தம் இல்லாத தனிக் கண் வாய்த்திருக்கிறதா? இதைப் பெர்ட்ரோவும் கவனாவும் சோதித்து 2011-ல் எழுதினார்கள். விழித்திரையில் விழுகிற அளவை அப்படியே உணர்வதில் ஓவியர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இல்லை. அவர்களும் நம்மைப் போலவே ஏமாறுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பிறவியிலேயே கண் வேறாக அமைந்தவர்களுக்குத்தான் ஓவியம் என்ற பேச்சை இது ஆட்டம் காணச் செய்கிறது. அதே ஆய்வாளர்கள் பின்னர் கண்டது இன்னொன்று: நன்றாக வரைகிறவர்கள் ஓர் உருவத்தின் அமைப்பைச் சில கணப் பார்வைகளிலேயே திறமையாக உள்வாங்கிக்கொள்கிறார்கள். எந்தப் பாகம் எதற்கு மேலே, எது எதைவிடச் சாய்ந்து, எது எதோடு ஒரே நேர்கோட்டில் என்ற உறவுகள் அவர்கள் மனத்தில் சீக்கிரம் பதிகின்றன. இது பழக்கத்தால் வளரக்கூடிய ஒன்று.

பழைய படைப்பைப் பார்த்து வரைவதன் பயன் இங்கேதான் தொடங்குகிறது. உயிருள்ள ஆளை வரைய உட்கார்ந்தால் அவர் அசைவார், வெளிச்சம் மாறும், முடிவில்லாத விவரங்கள் கண்ணை மொய்க்கும். எதைக் கோடாக்குவது என்றே புரியாது. சுவரோவியத்தில் அந்தத் தீர்மானங்களை எல்லாம் இன்னொருவர் ஏற்கெனவே எடுத்து முடித்திருக்கிறார். புருவத்தை ஒரே வளைவாக்கியவர் அவர். முழங்கை மடிப்பைக் காட்டுவதா விடுவதா என்று முடிவு செய்தவர் அவர். வட்டமான உடம்பைத் தட்டையான சுவரில் கோடாக மாற்றும் கடினமான கணக்கின் விடை நம் முன் இருக்கிறது. வரைகிறவர் அந்த விடையிலிருந்து வழியைக் கண்டுபிடிக்கிறார். சிற்பம் இதற்கும் உயிருள்ள ஆளுக்கும் நடுவே நிற்கிறது. அதற்குக் கனம் உண்டு, நிழல் உண்டு, ஆனால் அசையாது. தேவையில்லாததைச் சிற்பியே கழித்துவிட்டார்.

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் ஓவியக் கல்வி இந்த வரிசையிலேயே நடந்தது. சார்லஸ் பார்க் என்பவர் ழெரோம் என்ற ஓவியரோடு சேர்ந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட பாடத் தொகுப்பில் 197 படத்தாள்கள் உண்டு. முதலில் பழஞ்சிற்பங்களின் வார்ப்புகளைப் பார்த்து வரைந்தவை, அடுத்து பெரிய ஓவியர்களின் கோட்டோவியங்கள், கடைசியாக மனித உருவங்கள். 27 வயதில் ஓவியராக முடிவெடுத்த வான்கோ, 1880-ல் இந்தத் தாள்களை வரவழைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகல் எடுத்தார். முடித்ததும் மறுபடி எடுத்தார். தன் கோடும் தன் நிறமும் உலகம் அறிந்த அளவுக்கு வந்த பிறகு, இறந்த ஆண்டான 1890-லும் அதே தாள்களுக்குத் திரும்பினார். யாரைப் போலவும் வரையாதவர் என்று நாம் கொண்டாடுகிற ஒருவரின் பழக்கம் இது.

வரையும்போது கண் என்ன செய்கிறது என்று கருவி வைத்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்து ஓவியர் ஹம்ப்ரி ஓஷனின் கண்ணசைவுகளைச் சலென்கோவும் மியாலும் பதிவு செய்தார்கள். சாதாரணமாக நம் கண் நொடிக்கு இரண்டு மூன்று இடங்களுக்குத் தாவும். ஓஷன் முகத்தைப் பார்த்து வரையும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புள்ளியில் கண்ணை ஊன்றி, அந்தச் சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு தாளுக்கு வந்தார். அவரது அன்றாடப் பார்வையே அப்படி இல்லை. பென்சிலை எடுத்ததும்தான் கண் அந்த நடைக்கு மாறியது. 2005-ல் கோஹன் இன்னொன்றைச் சேர்த்தார்: தாளுக்கும் பொருளுக்கும் இடையே கண் அடிக்கடி போய் வந்தவர்களின் படங்கள் துல்லியமாக இருந்தன. ஒருமுறை நீளமாகப் பார்த்துவிட்டு நிறைய வரைந்தால், இடையில் ஞாபகம் புகுந்து தனக்குத் தெரிந்த மூக்கையும் தெரிந்த கண்ணையும் போட்டுவிடுகிறது. கொஞ்சம் பார், கொஞ்சம் வரை, மறுபடி பார்.

சலென்கோ 2009-ல் தேர்ந்தவர்களையும் தொடக்கக்காரர்களையும் கோடுகளை நகல் எடுக்கச் சொன்னார். எளிய கோடுகளில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிக்கலான கோடுகளில்தான் இடைவெளி தெரிந்தது. தேர்ந்தவர்கள் நீண்ட கோட்டைச் சிறு சிறு எளிய துண்டுகளாக மனத்தில் வெட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இந்த வித்தையைத் தமிழ்நாட்டு வீட்டு வாசல்களில் தினமும் பார்க்கலாம். அம்மாவின் கோல நோட்டைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொள்ளும் பெண் பிள்ளை, முழுக் கோலத்தையும் ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. புள்ளியைச் சுற்றி ஒரு வளைவு, பக்கத்துப் புள்ளிக்குத் தாண்டி ஒரு வளைவு, மூலையில் ஒரு திருப்பம். சில துண்டுகள், அவற்றைச் சேர்க்கும் விதி, அவ்வளவுதான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, தம் சக ஆய்வாளர்களோடு 1974-ல் கோலங்களைக் கணித இலக்கணமாக எழுதிக் காட்டினார். சிறிய அலகுகளும் சில விதிகளும் இருந்தால் எவ்வளவு பெரிய கோலமும் வரும் என்று அதன் வழி தெரிந்தது. கோலம் போடத் தெரிந்த வீட்டுப் பிள்ளை, வரைவதற்கு வேண்டிய பாதிப் படிப்பை ஏற்கெனவே முடித்துவிட்டாள். நம் ஓவிய வகுப்புகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை என்பது எனக்குப் பெருங்குறை.

சரி, சித்திர சபை நடராசருக்கு வருவோம். நோட்டும் 2பி பென்சிலுமாக ஒருவர் இந்த உருவத்தை எப்படி அணுகலாம்?

முதலில் கண், மூக்கு, திருவாசி எதையும் தொட வேண்டாம். உச்சியிலிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு உடம்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வலக்கால் முயலகன் மேல் ஊன்றி முழங்கால் மடிந்திருக்கிறது. இடக்கால் தூக்கி உடம்பின் குறுக்கே போகிறது. முன் இடக்கை அதற்கு இணையாகக் குறுக்கே நீண்டு, தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. இவ்வளவு பாரமும் ஒரு காலில் எப்படி நிற்கிறது? கோட்டைப் போட்டுப் பார்த்தால், ஒரு பக்கம் நீளும் கையும் காலும் மறுபக்கம் விரியும் தோளாலும் கையாலும் ஈடுகட்டப்படுவது புரியத் தொடங்கும். வெறுமனே நின்று கும்பிட்டபோது கண்ணில் படாத ஒன்று, வரையும்போது கேள்வியாக வருகிறது.

அடுத்து, உடம்பை விட்டுவிட்டு இடைவெளிகளை வரைய வேண்டும். தூக்கிய காலுக்கும் ஊன்றிய காலுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. குறுக்கே வரும் கைக்கும் தொடைக்கும் நடுவே இன்னொரு குறுகிய வெற்றிடம். உடுக்கை ஏந்திய கைக்கும் தலைக்கும் நடுவே ஒன்று, அனல் ஏந்திய கைப்பக்கம் ஒன்று. காலுக்கும் கைக்கும் மூளையிடம் தயாராக ஒரு வடிவம் இருக்கிறது, அதைத்தான் தாளில் திணிக்கப் பார்க்கும். இந்த வெற்றிடங்களுக்குப் பெயரும் இல்லை, தயாரான வடிவமும் இல்லை. அதனால் அவற்றை உள்ளபடி பார்ப்பது எளிது. நான்கு வெற்றிடங்களைச் சரியாகப் போட்டால் கைகால்கள் தாமாகச் சரியான இடத்தில் வந்து அமர்ந்துவிடும். வரைந்து முடித்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும், கண்ணாடியில் காட்டிப் பார்ப்பதும் இதே காரணத்தால் உதவுகின்றன. தெரிந்த உருவம் தெரியாததாக மாறும்போது பிழை பளிச்சென்று தெரிகிறது. பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் எழுதிய புகழ்பெற்ற பயிற்சி நூலில் இந்தத் தலைகீழ்ப் பயிற்சி உண்டு. மூளையின் வலப்பாதிதான் வரைகிறது என்று அவர் சொன்ன விளக்கம் இன்று அப்படியே நிற்கவில்லை; பயிற்சி மட்டும் நிற்கிறது.

நம் மரபில் இதற்கு இன்னொரு கைப்பிடியும் உண்டு. படிமங்களுக்குத் தாள அளவு. உயர்ந்த தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், அதாவது மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலில் இல்லை. படிமத்தின் உயரத்தை 124 பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் அது. சிலை விரலளவு இருந்தாலும் ஆளுயரம் இருந்தாலும் உறுப்புகளின் விகிதம் மாறாது. சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்குகளைக் குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். மெழுகில் உருவம் பிடிக்கும்போது கண் தடுமாறும் இடத்தில் ஓலையை வைத்துப் பார்ப்பார்கள். நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து அளப்பதும் இதுவும் ஒரே வேலைதான். பழகிய ஸ்தபதிக்கு நாளடைவில் ஓலை இல்லாமலே விகிதம் கண்ணில் நிற்கும்.

பார்த்து வரைந்தே பெரிய ஓவியரானவர்களுக்கு நம்மிடம் குறைவில்லை. நாமக்கல்லில் 1919-ல் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்த பி.எம்.சீனிவாசனைச் 'சில்பி' என்ற பெயரால் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளின் முன் உட்கார்ந்து வரைந்தார். கல்லின் கனத்தையும் இருட்டையும் பேனாக் கோட்டின் அடர்த்தியிலேயே கொண்டுவந்தவர் அவர். தேய்ந்த இடம் தேய்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் அணிகலனின் ஒரு மணிகூடக் குழம்பாது. தென்காசிக்கு இன்னும் பக்கத்தில், கோவில்பட்டியில், கொண்டையராஜு இருந்தார் (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரைச் சுற்றியிருந்த சீடர்கள் அவர் வரைவதைப் பார்த்து, அவர் படத்தைப் பார்த்து வரைந்து தொழில் கற்றார்கள். நம் வீட்டுப் பூஜை அறைகளில் தொங்கிய காலண்டர்ப் படங்களில் எத்தனையோ அந்தக் கைகளிலிருந்து வந்தவை.

கேரளப் பக்கம் இந்தக் கல்வி ஒரு விபத்தால் மீண்டது. 1970-ல் குருவாயூர்க் கோயிலில் தீப்பிடித்துச் சுவரோவியங்கள் அழிந்தன. அவற்றை மறுபடி வரைய வேண்டிய கட்டாயத்தில், மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் போன்ற மூத்த கலைஞர்களின் கைவேலைக்கு மறுபடி மதிப்பு வந்தது. 1989-ல் குருவாயூர் தேவசம் சுவரோவியக் கல்விக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே ஐந்தாண்டுப் படிப்பு. சித்திர சபைச் சுவர்களின் சாயலுக்கு உறவான மரபு, மலைக்கு அந்தப் பக்கம் இன்று மாணவர்களின் கைகளில் உயிரோடு இருக்கிறது.

தினமும் எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட நாளுக்கு அரை மணி நேரம் மேல். உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே கண்டது இது: ஒரே மொத்த நேரத்தை இடைவெளி விட்டுப் பிரித்துப் படித்தால் அதிகம் தங்குகிறது. கைப்பழக்கம் உறக்கத்தின்போது மேலும் உறுதிப்படுவதையும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இதோடு சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. பார்த்து வரைந்து முடித்ததும் மூலத்தை மூடிவிட்டு, அதே உருவத்தை ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். பாரிசில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர் இதையே தம் முறையாக வைத்திருந்தார். சிற்பி ரோதன் அவரிடம் படித்தவர். ஞாபகத்தில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் நாம் பார்க்கவே இல்லை என்று பொருள். மறுநாள் மூலத்தின் முன் உட்காரும்போது கண் நேராக அந்த இடத்துக்கே போகும்.

நன்றாக வரைகிறவர்களின் மூளையில் சிறுமூளைப் பகுதியிலும் நெற்றிப் பகுதியிலும் சாம்பல் திசு கூடுதலாக இருப்பதை ரெபெக்கா சேம்பர்லேனின் குழு 2014-ல் காட்டியது. பழக்கம்தான் மூளையை அப்படி ஆக்கியது என்று இந்த ஓர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. கைத்திறனை ஒழுங்குபடுத்தும் பகுதிகளுக்கும் வரைதிறனுக்கும் தொடர்பு உண்டு என்பது வரை சொல்லலாம்.

பார்த்தே வரைந்தால் கற்பனை செத்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு, தோக்கியோவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. ஒகாதாவும் இஷிபாஷியும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சிலருக்கு அவர்கள் பழகாத பாணி ஓவியம் ஒன்றை நகல் எடுக்கத் தந்தார்கள். பிறகு சொந்தமாக வரையச் சொன்னபோது, நகல் எடுக்காதவர்களைவிட இவர்களின் படங்கள் புதுமையாக இருந்தன. நகல் எடுத்த பாணியை இவர்கள் திருப்பிப் போடவும் இல்லை. பழகிய பாணியை நகல் எடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்நியமான ஒரு கையோடு மல்லுக்கட்டும்போதுதான், படம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நாம் அறியாமலே கட்டி வைத்திருந்த வேலி தளர்கிறது. செல்போன் திரையில் வரும் உருவங்களையே பார்த்து வளரும் இன்றைய பிள்ளைக்கு, சித்திர சபையின் நீள்விழிகளும் தென்காசித் தூணின் இடை வளைவும் அப்படி அந்நியமானவை. இந்த ஒரு காரணமே போதும், பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக. நகல் எடுப்பதால் கற்பனை வறளாது என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு: அஜந்தாவுக்கு 1909 முதல் 1911 வரையான பருவங்களில் லேடி ஹெரிங்ஹாமின் குழுவோடு குகை ஓவியங்களை நகல் எடுக்கப் போன இளைஞர்களில் ஒருவர் நந்தலால் போஸ். பிற்பாடு நம் அரசமைப்புச் சட்டத்தின் மூலப்பிரதிப் பக்கங்களை அணி செய்தது அவரும் அவர் மாணவர்களும்தான்.

நகலுக்கு இன்னொரு பயனும் உண்டு. அஜந்தாவே அதற்கும் சாட்சி. சென்னை இராணுவத்தைச் சேர்ந்த ராபர்ட் கில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எடுத்த நகல்களில் பெரும்பாலானவை 1866-ல் லண்டன் தீயில் போயின. பம்பாய் ஓவியப் பள்ளியின் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களோடு எடுத்தவற்றில் பல 1885 தீயில் போயின. எஞ்சிய நகல்களில், இன்று குகைச் சுவரிலிருந்தே உதிர்ந்துவிட்ட பகுதிகள் பத்திரமாக இருக்கின்றன. சாரல் ஈரத்தில் நிற்கும் குற்றாலச் சுவருக்கும் இது பொருந்தும். புகைப்படம் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதைக் கையால் அறிந்த ஆட்கள் இருந்தால்தான், சுவர் பழுதுபடும்போது அதைச் சரியாக மீட்க முடியும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மாவட்டத்துப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கோயில் நிர்வாகத்திடம் முறையாக அனுமதி கேட்டு, மாதத்தில் ஒரு காலைப்பொழுது பிள்ளைகளைக் காசி விசுவநாதர் கோயில் தூண்களின் முன்னும், அடுத்த மாதம் சித்திர சபையிலும் உட்கார வையுங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர் போதும். சுவரில் கை படாமலும் சாயாமலும் வரையச் சொல்லுங்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று "அப்படியே இருக்கே" என்று பாராட்டும்போது பிள்ளை கூச்சப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.